பதின்மூன்று வயதுக்குப் பிறகும் அந்த மைதானம்

மன்னார்த் தீவிலும் கரையோர ஊர்களிலும் உதைபந்தாட்டக் கழகங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்



தலைமன்னார், பேசாலை, தாழ்வுபாடு, எருக்கலம்பிட்டி, பள்ளிமுனை, பனங்கட்டிக்கொட்டு எனத் தீவு நெடுகிலும், தாம்போதியைக் கடந்தால் வங்காலை, நானாட்டான், அரிப்பு, சிலாவத்துறை எனத் தெற்கேயும், விடத்தல்தீவு வரை வடக்கேயும் உதைபந்தை நேசிக்காத ஊர் மன்னாரில் இல்லை. கோயில் பெருநாள் நெருங்கினால் சுற்றுப்போட்டியும் நெருங்கிவிடும். பல கழகங்களின் பெயரில் ஒரு புனிதர் இருப்பார். மைதானத்தின் ஓரத்தில் தேவாலயமோ பள்ளிவாசலோ பாடசாலையோ நிற்கும். விடியப்புறம் கடலுக்குப் போய்வந்த இளைஞர்கள் பின்னேரம் அதே களைப்போடு ஆட வருவார்கள். சோளகக் காற்று பலக்கும் மாதங்களில் எந்தப் பாதியைக் காற்றுக்கு எதிரே ஆடுவது என்று தலைவர்கள் யோசிப்பார்கள்.

இந்தக் கழகங்கள் எளிதாக நிலைத்தவை அல்ல. 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வடக்கிலிருந்து முழுமையாக வெளியேற்றப்பட்டார்கள். தமிழ்க் குடும்பங்கள் மடுவுக்கும், படகேறி இராமேஸ்வரத்துக்கும் ஓடின. திரும்பி வந்தபோது வீடும் வள்ளமும் வலையும் புதிதாகத் தேடவேண்டியிருந்தது. அந்த நிலையிலும் மைதானத்தைத் துப்புரவாக்கி, கம்பம் நட்டு, கழகப் பதிவைப் புதுப்பித்தவர்கள் நீங்களும் உங்களுக்கு முன்னிருந்தவர்களும்.

ஆகவே இந்த மடல் உங்கள் மேல் குற்றம் சுமத்த வரவில்லை. உங்களால் மட்டுமே கொடுக்கக்கூடிய ஒன்றைக் கேட்டு வருகிறது. பதின்மூன்று, பதினான்கு வயதைக் கடந்த பெண் பிள்ளைகளுக்கு உங்கள் மைதானத்தில் நேரம் வேண்டும். அந்த வயதில் மைதானம் கிடைப்பதும் கிடைக்காததும் ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் என்ன செய்கிறது என்பதை அறிய, மன்னாருக்கு வெகு தூரத்தில் வேறொரு வகை உதைபந்து ஆடும் பெண்களின் ஆரம்ப வருடங்களைப் பார்ப்பது உதவும். அந்தப் பெண்களுக்கு இன்று பெயரும் சம்பளமும் உண்டு. அவர்கள் தொடங்கிய இடங்களோ உங்கள் ஊர்களைப் போன்றவை.

அவுஸ்திரேலியாவில் ‘ஃபுட்டி’ என்று சொன்னால் நாம் ஆடும் உதைபந்து அல்ல. பந்து முட்டை வடிவம். மைதானம் கிரிக்கெட் மைதானத்தைப் போல் அகன்ற நீள்வட்டம். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவில் உள்ள இரண்டுக்கும் இடையே உதைத்தால் ஆறு புள்ளி, பக்கத்து இடைவெளியில் போனால் ஒரு புள்ளி. பந்தைக் கையால் பிடிக்கலாம், கொண்டு ஓடலாம், ஆனால் எறியக் கூடாது. ஒரு கையில் வைத்து மறு கையின் முட்டியால் குத்தி அனுப்பவேண்டும். 1859இல் மெல்பேர்ணில் இதற்கு விதி எழுதினார்கள். பெண்கள் 1915இலேயே பேர்த் நகரில் ஆடியிருக்கிறார்கள். விக்ரோறியா மாநிலத்தில் பெண்களுக்கான லீக் 1981இல் நான்கு அணிகளோடு தொடங்கியது. சம்பளம் பெறும் பெண்கள் லீக் வந்தது 2017இல்தான்.

எரின் பிலிப்ஸ் 1985இல் பிறந்தார், அடிலெய்ட்காரர். அவருடைய தந்தை கிரெக் பிலிப்ஸ் போர்ட் அடிலெய்ட் கழகத்தின் பெரும் வீரர். தெற்கு அவுஸ்திரேலிய லீக்கில் அந்தக் கழகத்தோடு எட்டு முறை கிண்ணம் வென்றவர். மகளும் பந்தோடுதான் வளர்ந்தார். ஆண் பிள்ளைகளின் அணியில் சேர்ந்து ஆடினார், அவர்களில் பலரைவிட நன்றாகவே ஆடினார். பதின்மூன்று வயதில் அது நின்றது. அதற்குமேல் ஆண் பிள்ளைகளோடு ஆட முடியாது, பெண்களுக்கென்று ஏறிப்போக ஒரு படியும் இல்லை. ஊரே கொண்டாடிய வீரரின் மகளுக்கே இந்தக் கதி.

அவர் கூடைப்பந்துக்குப் போனார். அதில் உயரத்துக்கு ஏறினார். 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் அவுஸ்திரேலிய அணியோடு வெள்ளிப் பதக்கம் வென்றார். அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை லீக்கில் 2012இலும் 2014இலும் சம்பியனான அணிகளில் இருந்தார். பிறகு 2017இல் பெண்களுக்கான ஃபுட்டி லீக் தொடங்கியபோது அடிலெய்ட் அணி அவரை அழைத்தது. வயது 31. சிறுமியாக விட்ட ஆட்டத்தைப் பதினெட்டு வருடங்களுக்குப் பிறகு எடுத்து, முதல் பருவத்திலேயே லீக்கின் மிகச் சிறந்த வீராங்கனை விருதை வென்றார். 2017 மார்ச் 25 அன்று நடந்த இறுதிப்போட்டியில் அடிலெய்ட் பிறிஸ்பேர்ணை 35க்கு 29 என்று வென்றது, அன்றைய ஆட்டத்தின் சிறந்த வீராங்கனையும் அவரே. இரண்டு வருடங்களுக்குப் பிறகு அடிலெய்ட் ஓவலில் நடந்த இறுதிப்போட்டியைப் பார்க்க 53,034 பேர் வந்தார்கள். அந்த ஆட்டத்தில் முழங்கால் நார் அறுந்து அவரைத் தூக்கிச் சென்றபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. தந்தையின் கழகமான போர்ட் அடிலெய்ட் பெண்கள் அணி அமைத்தது 2022இல். அதன் முதல் தலைவி அவர்தான், அப்போது வயது 37.

கேட்க நல்ல கதை. ஆனால் இதைக் கழக நிர்வாகிகள் வேறு கண்ணால் பார்க்கவேண்டும். பதின்மூன்றுக்கும் முப்பத்தொன்றுக்கும் இடையில் அந்த ஆட்டம் அவரை முழுதாக இழந்தது. ஒரு வீராங்கனையின் கால் வேகமாக ஓடும் வருடங்கள் எல்லாம் அதில்தான் அடங்கும். அவரைக் காப்பாற்ற இன்னொரு விளையாட்டு இருந்தது. அவரோடு அந்த வயதில் நின்ற மற்றப் பிள்ளைகளின் பெயர் எவருக்கும் தெரியாது.

விக்ரோறியாவில் சிலர் அப்படி நிற்க மறுத்தார்கள். அங்கே பன்னிரண்டு வயதுக்குமேல் பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளின் அணியில் ஆடக் கூடாது என்ற விதி இருந்தது. பெனி கியூலா-ரீட், எமிலி ஸ்டெய்னர், ஹெலன் டெய்லர் என்ற மூன்று பதின்ம வயதுப் பிள்ளைகள் அதை எதிர்த்து மாநிலத்தின் நியாய சபைக்குப் போனார்கள். 2004இல் தீர்ப்பு வந்தது. பதினான்கு வயதுக்குட்பட்டோர் பிரிவுவரை பெண் பிள்ளைகளைத் தடுக்க முடியாது, அதற்குமேல் தடுக்கலாம் என்றது தீர்ப்பு. முழு வெற்றி இல்லை. ஆனால் வெளியே நின்ற பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்ற கேள்வி நிர்வாகிகளின் மேசைக்கு வந்துவிட்டது. அதே வருடம் பெண் பிள்ளைகளுக்கென இளையோர் போட்டி ஒன்று தொடங்கப்பட்டது. பதின்மூன்று வருடங்களுக்குப் பிறகு தொழில்முறை லீக்கை நிரப்பத் தேவையான வீராங்கனைகள் திடீரென எங்கிருந்தோ வந்து குதிக்கவில்லை. அவர்களில் பலர் அத்தகைய இளையோர் அணிகளில் வளர்ந்தவர்கள். கியூலா-ரீட் 2017இல் காலிங்வுட் அணிக்காக ஆடினார்.

டெய்சி பியர்ஸ் என்பவரின் பாதையும் இதே மாநிலத்தில்தான். பிரைட் என்ற சிறிய மலையடிவார ஊரில் ஆண் பிள்ளைகளோடு ஆடி வளர்ந்தவர். 2005இல் மெல்பேர்ணின் டெரபின் ஃபால்கன்ஸ் என்ற கழகத்தில் சேர்ந்தார். பெண்களுக்கென்றே உள்ள கழகம் அது. சம்பளம் இல்லை, தொலைக்காட்சி இல்லை. ஆனாலும் வருடம் தவறாமல் பயிற்சியும் போட்டியும் இருந்தன. பியர்ஸ் மருத்துவமனையில் மகப்பேற்றுத் தாதியாக வேலை செய்துகொண்டே ஆடினார். 2013 ஜூன் 29 அன்று மெல்பேர்ண் கிரிக்கெட் அரங்கில் பெண்களுக்கான காட்சிப் போட்டி ஒன்று ஏற்பாடானபோது, வீராங்கனைகளைத் தேர்ந்தெடுத்த பட்டியலில் முதல் பெயர் அவருடையது. 2022 நவம்பரில் மெல்பேர்ண் அணி முதன்முதலாகச் சம்பியனானபோது தலைவி அவர்தான். இடையில் இரட்டைப் பிள்ளைகளைப் பெற்று, 2019 பருவத்தைத் தவறவிட்டு, திரும்பி வந்தவர். இன்று வெஸ்ட் கோஸ்ட் கழகத்தின் பெண்கள் அணிக்கு அவரே தலைமைப் பயிற்றுநர்.

தொழில்முறை என்ற சொல்லைக் கேட்டுப் பெரும் பணத்தை நினைக்கவேண்டாம். 2017 முதல் பருவத்தில் பெரும்பாலான வீராங்கனைகளுக்குக் கிடைத்த அடிப்படைச் சம்பளம் 8,500 அவுஸ்திரேலிய டொலர். அணிக்கு இருவர் வீதம் இருந்த முன்னணி வீராங்கனைகளுக்கு 27,000. அந்த அடிப்படைச் சம்பளம் அந்த நாட்டில் ஒரு வருட வீட்டு வாடகைக்கே போதாது. எனவே ஆசிரியர்கள், தாதியர், மின்னிணைப்பு வேலை செய்வோர் எல்லாம் பகலில் வேலை முடித்து இரவில் பயிற்சிக்கு வந்தார்கள். 2017 பெப்ரவரி 3 அன்று காள்டன், காலிங்வுட் அணிகளின் முதல் ஆட்டத்துக்கு அவர்களைப் பார்க்க 24,568 பேர் வந்தார்கள். மைதானம் நிரம்பிக் கதவு மூடப்பட்டது. வெளியே நின்றவர்களிடம் லீக்கின் தலைமை நிர்வாகி மன்னிப்புக் கேட்டார். எட்டு அணிகளோடு தொடங்கிய லீக்கில் 2022இல் பதினெட்டுக் கழகங்கள் இருந்தன. அந்த வருடம் ஒருவருக்குக் கிடைக்கும் ஆகக் குறைந்த சம்பளம் 39,184 டொலராக உயர்ந்தது. பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க யார் வருவார்கள் என்ற கேள்விக்கு ஒரு நாட்டின் மக்கள் கொடுத்த பதில் இது.

இனிச் சொல்லப்போவதுதான் உங்களுக்கு மிக நெருக்கமானது.

அயர்லாந்தில் கேலிக் உதைபந்தாட்டம் என்று ஒன்று உண்டு. உருண்டைப் பந்து, கையும் காலும் இரண்டும். அதன் கழகங்கள் கத்தோலிக்கப் பங்குகளை ஒட்டி எழுந்தவை. ஒரு பங்கு, ஒரு கழகம், ஒரு மைதானம். அப்பா ஆடிய கழகத்தில் மகன் ஆடுவான். ஆடுபவருக்குச் சம்பளம் கிடையாது. பக்கத்து ஊரோடு உள்ள போட்டி தலைமுறை தலைமுறையாகத் தொடரும். பேசாலைக்காரருக்கும் வங்காலைக்காரருக்கும் இதை விளக்கவே தேவையில்லை.

நீண்ட காலம் அங்கேயும் மைதானம் பெரும்பாலும் ஆண்களுக்கானதாகவே இருந்தது. 1974இல் பெண்கள் கேலிக் உதைபந்தாட்டச் சங்கம் தொடங்கியது. அதன்பின் ஊர் ஊராகக் கழகங்கள் பெண்கள் அணி அமைத்தன. மேயோ மாவட்டத்தில் கார்னகொன் என்ற கிராமப் பங்கு அவற்றில் ஒன்று. வயலும் மாடும் சூழ்ந்த சின்ன ஊர். 1981இல் பிறந்த கோரா ஸ்டோன்டன் அந்தக் கழகத்தின் பிள்ளை. எரின் பிலிப்ஸ் ஆட்டத்தை விட்ட அதே பதின்மூன்று வயதில், 1995இல், ஸ்டோன்டன் மேயோ மாவட்டத்தின் பெரியோர் அணிக்கே ஆட வந்துவிட்டார். காரணம் எளிது. அவருடைய ஊரில் அந்த வயதில் கதவு திறந்திருந்தது.

1999, 2000, 2002, 2003 ஆகிய நான்கு வருடங்களில் மேயோ அகில அயர்லாந்துச் சம்பியன். அந்த முதல் இறுதிப்போட்டிக்குச் சில நாட்களுக்கு முன் ஸ்டோன்டனின் காறை எலும்பு முறிந்தது. ஆனாலும் டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் தொடக்க வரிசையில் அவரை நிறுத்தி, ஆட்டம் தொடங்கியதும் வெளியே அழைத்தார்கள், அந்த நாளில் அவருக்கும் பங்கு உண்டு என்று காட்ட. பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தன் அணி கொடுத்த மரியாதை அது. கார்னகொன் கழகமும் அகில அயர்லாந்துக் கழகக் கிண்ணத்தைப் பல முறை வென்றது. ஒரு பங்கின் பெண்கள் அணி நாடு முழுவதையும் வென்றது என்பதை நிறுத்தி நிதானமாக நினைத்துப் பாருங்கள்.

2018இல், முப்பத்தாறு வயதில், சிட்னியின் ஜயன்ட்ஸ் அணிக்காக அவர் அவுஸ்திரேலியத் தொழில்முறை லீக்கில் ஆடத் தொடங்கினார். 2023 வரை ஆடினார். மெல்பேர்ண் அணியின் லோரா டுரியே அவருக்கு முன்பே, முதல் பருவத்திலேயே, அயர்லாந்திலிருந்து வந்து ஆடியவர். இந்த இருவரின் பின்னால் வந்த வரிசை நீளமானது. 2024 பருவத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட அயர்லாந்துப் பெண்கள் அந்த லீக்கில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிறுவயதில் முட்டைப் பந்தைத் தொட்டு வளரவில்லை. பங்கு மைதானத்தில் உருண்டைப் பந்தை உதைத்து வளர்ந்தவர்கள். பந்தின் வடிவத்தைப் பிறகு பழகிக்கொள்ளலாம். ஓடிக்கொண்டே பந்தைக் கையாளவும், மோதலுக்கு அஞ்சாதிருக்கவும், அணியோடு நிற்கவும் பதினான்கிலிருந்து பதினெட்டுக்குள் பழகவேண்டும்.

தமிழ்ப் பெண்களுக்கு இதெல்லாம் எட்டாது என்று யாராவது சொன்னால், தர்ஜினி சிவலிங்கத்தின் பெயரைச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் 1979இல் பிறந்தவர். யுத்தமும் இடப்பெயர்வும் சூழ்ந்த காலத்தில் வளர்ந்தவர். உயரம் 2.08 மீற்றர், அதாவது ஆறடி பத்து அங்குலம். ஒரு கிராமத்துப் பெண் பிள்ளைக்கு அந்த உயரம் என்னென்ன பார்வையையும் பேச்சையும் கொண்டுவந்திருக்கும் என்பது நம் ஊர்களில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். அவரை உயர்த்தியது வலைப்பந்தாட்டம். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது அதில் தீவிரமாக இறங்கினார். பிறகு கொழும்பில் செலான் வங்கியில் வேலையும் அதன் அணியில் இடமும் கிடைத்தன. தேசிய அணிக்குப் போனார். மெல்பேர்ண் சென்று சிற்றி வெஸ்ட் ஃபால்கன்ஸ் என்ற கழகத்துக்கு ஆடினார், வெளிநாட்டு வலைப்பந்து லீக்கில் ஆடிய முதல் இலங்கையர் என்ற பெயரும் பெற்றார். ஃபுட்டியின் தலைநகரமும் அதே மெல்பேர்ண்தான்.

2018 செப்டெம்பரில் சிங்கப்பூரில் நடந்த ஆசியக் கிண்ண இறுதிப்போட்டியில் இலங்கை சிங்கப்பூரை 69க்கு 50 என்று வென்றது. ஒன்பது வருடங்களுக்குப் பிறகு வந்த கிண்ணம், அதன் தூண் தர்ஜினி. அடுத்த வருடம் இங்கிலாந்தின் லிவர்பூலில் உலகக் கிண்ணம். நாற்பது வயதில் அந்தத் தொடரில் எல்லா நாட்டு வீராங்கனைகளையும்விட அதிகமாக 348 கோல்கள் போட்டார். 2022இல் ஆசியக் கிண்ணத்தை இலங்கை மீண்டும் வென்றபோதும் அணியில் அவர் இருந்தார், வயது 43.

அவருடைய ஆரம்ப வருடங்களில் கவனிக்கவேண்டியது, பாடசாலை விட்ட பிறகு அவருக்கு அடுத்தடுத்து இரண்டு இடங்கள் கிடைத்தன என்பது. முதலில் பல்கலைக்கழக அணி, பிறகு வங்கி அணி. அந்த இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் இலங்கைக்கு அந்த 348 கோல்கள் இல்லை. பல்கலைக்கழகத்துக்கோ கொழும்பு வங்கிக்கோ போகாத பெண் பிள்ளைகளே நம் ஊர்களில் அதிகம். அவர்களுக்கு அந்த இடைவெளியை யார் நிரப்புவது?

மன்னாரிலும் வடக்கிலும் பாடசாலை மட்டத்தில் கதவு ஓரளவு திறந்திருக்கிறது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் பெண் பிள்ளைகள் அகில இலங்கைப் பாடசாலை உதைபந்தாட்டத்தில் பல முறை சம்பியனாகி வந்திருக்கிறார்கள். ஒரு பாடசாலையும் ஓர் உறுதியான பயிற்றுநரும் இருந்தால் வடக்குப் பிள்ளைகள் எதுவரை போவார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் பாடசாலை அணியின் ஆயுள் பாடசாலையோடு முடிகிறது. சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் முதலில் நிறுத்தப்படுவது விளையாட்டு. உயர்தரம் முடிந்தால் சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு. அதே வகுப்பில் படித்த ஆண் பிள்ளை அன்று பின்னேரமே உங்கள் கழகத்தில் பெயர் பதிவான். பெண் பிள்ளைக்கு அப்படிப் போய்ப் பெயர் கொடுக்க ஊரில் ஓர் இடம் இல்லை. தேசிய மட்டத்தில் பெண்கள் உதைபந்தாட்டத்தை நீண்டகாலமாக முப்படை அணிகளே தாங்கி நிற்கின்றன. ஆடவேண்டுமென்றால் படையில் சேரவேண்டும் என்ற நிலை, வடக்கில் உள்ள ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு கடினமான முடிவு என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஊர்க் கழகம் ஒன்றுதான் மிச்சமுள்ள வழி.

தயக்கங்கள் உங்களுக்கும் பெற்றோருக்கும் இருக்கும். அவற்றில் நியாயமானவையும் உண்டு.

பொழுதுபட்ட பின் பெண் பிள்ளை எப்படி வீடு திரும்புவாள் என்பது முதல் தயக்கம். அதற்குப் பதில் நேரத்தை மாற்றுவது. மைதானத்தின் நல்ல பின்னேர வெளிச்சத்தை வாரத்தில் இரண்டு நாள் பெண் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, ஆண்கள் அந்த இரண்டு நாளும் காலையில் பயிற்சி செய்யலாம். தாய்மார் இருவர் முறைவைத்து மைதான ஓரத்தில் இருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

உடை இரண்டாவது. எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலிப் பக்கத்துப் பெற்றோர் இதை அக்கறையோடு கேட்பார்கள். 2014இலேயே உலக உதைபந்தாட்டச் சட்டம் வகுக்கும் சபை தலையை மூடும் துணியோடு ஆட அனுமதித்துவிட்டது. நீண்ட காற்சட்டை, முழுக்கை மேலாடை எதற்கும் தடை இல்லை. அவுஸ்திரேலிய லீக்கில் 2019இல் முதல் முஸ்லிம் பெண்ணாக ஜயன்ட்ஸ் அணிக்கு ஆட வந்தவர் ஹனீன் ஸ்ரைக்கா, லெபனான் வழிவந்த குடும்பத்துப் பிள்ளை. ஆட்டமும் மார்க்கமும் இரண்டும் அவர் வாழ்வில் ஒன்றாக இருக்கின்றன. பெண் பயிற்றுநர், பெண்கள் மட்டும் உள்ள நேரம், மறைவான உடைமாற்றும் அறை என்று ஊர் எதைக் கேட்கிறதோ அதை ஊரோடு இருந்து பேசி அமைக்கலாம்.

காயம் மூன்றாவது, இதை மற்ற இரண்டையும்விடக் கவனமாக எடுக்கவேண்டும். முழங்காலின் முன் குறுக்கு நார் அறுவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் நேர்கிறது. எரின் பிலிப்ஸுக்கு நேர்ந்ததும் அதுவே. ஆனால் தடுக்க வழி இருக்கிறது, அதற்குப் பணம் தேவையில்லை. பிபா 11 பிளஸ் என்ற ஆயத்தப் பயிற்சி, ஏறக்குறைய இருபது நிமிடம். மெதுவோட்டம், ஒற்றைக் காலில் சமநிலை, பாய்ந்து சரியாகத் தரையிறங்குதல், தொடையையும் இடுப்பையும் பலப்படுத்தல் என்று அடுக்கியது. பந்து ஒன்றும் மைதானமும் போதும். நோர்வேயில் 13 முதல் 17 வயதுவரையான பெண் பிள்ளைகளிடம் இதைச் செய்துபார்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், கடும் காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. உங்கள் ஆண் பிள்ளைகளுக்கும் இது நல்லது. சூட்டு மணலில், கரடுமுரடான தரையில் எந்த ஆயத்தமும் இல்லாமல் நேரே ஆட்டத்துக்கு இறங்கும் பழக்கத்தால் எத்தனை நல்ல கால்கள் இருபத்தைந்து வயதுக்குள் ஓய்ந்திருக்கின்றன என்று மூத்த பயிற்றுநர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கல்யாணத்துக்குத் தடை வரும் என்ற பேச்சையும் ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் தாய்மார் அதைத்தான் இரவில் நினைப்பார்கள். பியர்ஸ் இரட்டைப் பிள்ளைகளின் தாய். பெற்ற பிறகு திரும்பிவந்து கிண்ணம் வென்றவர். ஊரில் இப்பேச்சு அடங்கவேண்டுமென்றால், முதல் அணியில் உங்கள் சொந்தப் பிள்ளைகள் இருக்கவேண்டும். தலைவரின் மகள் ஆட வந்தால் மற்ற வீடுகளின் கதவு தானாகத் திறக்கும். இது கடினமான செயல் என்று தெரிந்தே இந்த மடல் இதைக் கேட்கிறது.

செலவு பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. பெருநாள் சுற்றுப்போட்டிக்கு வெளிநாட்டிலுள்ள ஊர்க்காரர் கிண்ணத்துக்கும் பணப்பரிசுக்கும் சீருடைக்கும் மனமுவந்து கொடுக்கிறார்கள். மெல்பேர்ணிலும் சிட்னியிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள அவர்களின் சொந்த மகள்மார் அங்கே பாடசாலையிலும் கழகத்திலும் ஏதோ ஒரு பந்தை உதைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு பெண்கள் அணிக்கான சப்பாத்தும் பந்தும் கேளுங்கள், மறுக்கமாட்டார்கள். பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரிடமும் பங்குத் தந்தையிடமும் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். பயிற்றுநர் இல்லை என்றால், முன்பு பாடசாலை அணியில் ஆடி இப்போது முன்பள்ளியில் படிப்பிக்கும் அக்காமார் இருப்பார்கள். தேடினால் கிடைப்பார்கள்.

இன்னொன்று. எண்ணிக்கை குறைவாக இருக்கிறதே என்று முதல் மாதத்திலேயே கைவிட்டுவிடாதீர்கள். பதினொரு பேர் சேரும்வரை ஐந்து பேரோடு ஆடலாம், எழுவரோடு ஆடலாம். விக்ரோறியாவின் பெண்கள் லீக் நான்கே அணிகளோடு தொடங்கி முப்பத்தாறு வருடம் பொறுத்திருந்தது. தீவில் இரண்டு, கரையோரத்தில் இரண்டு என்று நான்கு கழகங்கள் முன்வந்தால் மன்னாருக்கும் அது ஒரு தொடக்கமாகப் போதும். உங்கள் அடுத்த பெருநாள் சுற்றுப்போட்டியின் இறுதிநாளில், ஆண்களின் இறுதிப்போட்டிக்கு முன்னால், ஊர் முழுவதும் கூடியிருக்கும் அந்த நேரத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஓர் ஆட்டம் கொடுங்கள். காலை வெயிலில் யாரும் இல்லாதபோது நடத்திவிட்டுக் கணக்குக் காட்டவேண்டாம். தாயும் தகப்பனும் சம்மாட்டியும் ஆசிரியரும் பார்க்கட்டும். பரிசும் அதே மேடையில் கொடுங்கள்.

மன்னாரின் ஒரு பெண் பிள்ளை என்றோ ஒருநாள் மெல்பேர்ணில் முட்டைப் பந்தை உதைப்பாளா, கொழும்பில் தேசிய அணிக்கு ஆடுவாளா, அல்லது முப்பது வயதில் தன் மகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் மைதானத்துக்குப் பயிற்றுநராக வருவாளா என்பதை இன்று எவராலும் சொல்ல முடியாது. மூன்றுக்கும் தேவைப்படுவது ஒரே மைதானம், அதன் திறப்பு உங்கள் கழகத்திடம் இருக்கிறது.

உங்கள் அடுத்த நிர்வாகக் கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேசுங்கள். வாரத்தில் எந்த இரண்டு நாள், எத்தனை மணிக்கு, யார் பொறுப்பு என்ற மூன்றையும் அன்றே முடிவு செய்யுங்கள். முடிவை ஞாயிறு பூசைக்குப் பிறகும், வெள்ளித் தொழுகைக்குப் பிறகும் ஊருக்கு அறிவியுங்கள். பெயர் பதியும் கொப்பியில் பெண் பிள்ளைகளுக்கென ஒரு பக்கத்தை இப்போதே திறந்து வையுங்கள்.